குடோனில் படுத்த வெள்ளைச் சட்டை

எங்கள் செருப்புக் கடைக் குடோனில் மத்தியானத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. லைட்டை அணைத்தால் கும்மிருட்டு. அதனால் இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா ஒன்றைக் கூரையில் மாட்டினார். கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது மாதிரி இருந்தது. அது பிடிப்பதையெல்லாம் எங்கிருந்தாலும் போனிலேயே பார்க்கலாம்; உள்ளே ஆள் அசைந்தால் போன் சிணுங்கும். அன்றிலிருந்து மனுஷர் போனும் கையுமாகத் திரிந்தார். கடைக்கு வந்தவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வாரம் முடிவதற்குள் ஆள் சிக்கினான். கறுப்பு வெள்ளைப் படம். டப்பா அடுக்குகளுக்கு நடுவே ஒருவன் முகத்தில் அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறான். உடம்பில் பளீரென்று வெள்ளை. கடையில் வெள்ளைச் சட்டை போடுகிறவன் நான் ஒருவன்தான்.

"கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பு" என்றார் முதலாளி, அத்தனை பேர் முன்னால்.

"சத்தியமா நான் இல்ல சார்."

"படம் பொய் சொல்லுமா?"

பக்கத்தில் சூப்பர்வைசர் உச்சுக்கொட்டினார். முதலாளி மனைவியின் தம்பி. எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். செருப்புக் கடையில் கோட்டு எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. "யாரைத்தான் நம்புறது மாமா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, சரக்குப் பார்க்கப் போவதாக உள்ளே போனார்.

வேலை போவது ஒரு பக்கம். தூங்குமூஞ்சி என்ற பட்டத்தோடு போனால் இந்தக் கடைத்தெருவில் அப்புறம் எவன் சேர்ப்பான்? நகராமல் நின்று வாதாடினேன்.

முதலாளியின் போன் சிணுங்கியது. பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். குடோனில் வெள்ளைச் சட்டை மல்லாந்து கிடந்தது. நானோ அவர் மூக்குக்கு நேரே நிற்கிறேன்.

ஓடினோம். நான் லைட்டைப் போட்டேன். போனில் படம் கலருக்கு மாறியது. வெள்ளைச் சட்டை கறுப்புக் கோட்டாகிவிட்டது. சில வகைக் கறுப்புத் துணி அந்தக் கேமராவுக்கு இருட்டில் வெள்ளையாகத் தெரியுமாம். மாட்டிய மகராசன் அதை மட்டும் சொல்லவில்லை.

"லைட்டை அணைடா" என்றது அட்டைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அணைத்தது முதலாளிதான். என்னை வெளியே இழுத்து வந்து கிசுகிசுத்தார்.

"எழுப்பாதப்பா. அவங்க அக்காகிட்ட ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவான். அப்புறம் எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது."

"அப்ப என் வேலை?"

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா இனிமே வெள்ளைச் சட்டை போடாத. பாக்குறவங்க உன்னைத்தான் சந்தேகப்படுவாங்க."

ஊரைக் கூட்டித் திட்டியவர், தூங்கியது நான் இல்லை என்று அதே ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

சரி, பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது. சூப்பர்வைசரின் கோட்டுத் துணியையே தேடி வாங்கி ஒரு கறுப்புச் சட்டை தைத்துக்கொண்டேன். அவர் முதலாளிக்குத் தெரியாமல் வெளியே நழுவிய ஒரு மத்தியானம், குடோன் லைட்டை அணைத்தேன். முகத்தில் அட்டையைக் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்தேன்.

கண் செருகும்போது கடையிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"யாரும் குடோன் பக்கம் போய்ச் சத்தம் போடாதீங்கப்பா."