பிசிறு இருந்த இடத்தில் மட்டும்

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஏகநாதன் ஃபிட்டர். அவன் மனைவி உமாராணி குன்னூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்லூரிக் கண்காட்சிக்காகச் சென்னையிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் வரவழைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. இருட்டில் தண்ணீரை அசைத்தால் நீலமாக மின்னும். ஆனால் அவற்றுக்கு இரவாக இருந்தால்தான் மின்னும். கண்காட்சியோ பகலில். அதனால் பத்து நாளாக, குவார்ட்டர்ஸ் ஸ்டோர் ரூமில் ராத்திரியெல்லாம் விளக்கு, பகலெல்லாம் இருட்டு என்று அவற்றின் பொழுதையே மாற்றி வைத்திருந்தாள்.

அந்தத் தண்ணீரை ஓடவிட்டுக் காட்ட, ஏகநாதன் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை இணைத்துக் கொடுத்தான். சனிக்கிழமை மதியம் ஜன்னலில் கம்பளியை மாட்டிவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். இணைப்பில் மட்டும் ஒரு நீலக்கோடு. மற்ற இடமெல்லாம் இருட்டு.

"குழாய் முழுக்க மின்னோணுமே" என்றாள் உமாராணி.

ஏகநாதன் விரலை விட்டுப் பார்த்தான். இணைப்பின் உள்ளே, அறுத்த விளிம்பில் பிசிறு. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. சாயங்காலமே உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

"பிசிறைத்தான் எடுத்தேன். வேற ஒண்ணுமே பண்ணலை உமா."

"செத்துப்போச்சுங்களா?"

கொலை செய்துவிட்டவன் மாதிரி நின்றான் அவன். மீதித் தண்ணீரைப் பார்க்கலாம் என்று அவள் பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே நீலம் குபீரென்று சுழன்றது.

"உசுரோடதான் இருக்குது. அப்பறம் குழாய்ல ஏன் மின்னலை?" என்றான்.

அவள் பாட்டிலை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள்; மின்னவில்லை. "மெதுவா, சீரா ஓடுனா அதுக்கு ஒண்ணும் தெரியறதில்லை போலிருக்குதுங்க. எங்கியாச்சும் இடிச்சு, இழுத்து நசுக்குனாத்தான் மின்னுது."

"அப்ப ஒழுங்கா செஞ்சது தப்பா?"

முனகிக்கொண்டே அரத்தை எடுத்து, தேய்த்த இடத்தைத் தானே கீறிக் கரடுமுரடாக்கினான். மறுபடி திறந்தார்கள். கீறலில் பட்ட தண்ணீர் பொங்கி மின்னியது. உமாராணி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இப்படி மின்னுது?" என்று கேட்டான்.

"திங்க வர்றதை மிரட்டறதுக்குன்னு சொல்றாங்க."

"பயந்தா ஒளிஞ்சுக்கத்தானே வேணும்? இது இருக்கற இடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுதே!"

பாதி பதில்தான் அவளிடம் இருந்தது. "அந்த வெளிச்சத்தைப் பாத்து, திங்க வர்றதைத் திங்கற பெரிய மீனு வந்துருமாமுங்க" என்றாள். அவன் தலையாட்டினான், ஆனால் புரியவில்லை. இன்னொரு தடவை திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தான்.