ஐம்பத்தொரு மகள்களைப் பெற்ற தாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் அண்ணியின் வேலை தாயையும் மகளையும் பிரித்து வைப்பது. குடும்பத்தில் அல்ல, ஈஸ்ட்டில். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். தாய்ச் செல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மகளை மொட்டாக விட்டுத் தள்ளும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற ஊசியால் மகளை ஓரங்கட்டி, நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். எத்தனை மகள்களுக்குப் பிறகு தாய் ஓய்கிறாளோ, அதுதான் அவள் ஆயுள்.

பக்கத்து மேஜையில் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. ஈஸ்ட்டின் மரபணுவில் கை வைத்தவள் அவள்தான். செல்லுக்குள் இரண்டு மேலாளர்கள் உண்டு. ஒரு மரபணு டிஎன்ஏ நூலைச் சிக்கில்லாமல் சுருட்டி வைக்கும். மற்றது சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும் உலையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்று தலைதூக்கினால் மற்றது படுத்துவிடும். செல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிழடு தட்டும். நாத்தனார் இரண்டையும் முறை வைத்து மாறி மாறி வேலை செய்ய வைத்தாள். வீட்டில் பாத்திரம் கழுவ அண்ணனுக்கு முறை வைத்துத் தோற்றவள், இங்கே ஜெயித்துவிட்டாள்.

சாதாரண ஈஸ்ட் இருபத்தைந்தில் ஓய்ந்தது. இவளுடையவை முப்பத்தெட்டு, நாற்பது வரை போயின. அண்ணி எண்ணிய நாற்பத்தெட்டுத் தாய்களில் ஒருத்தி மட்டும் ஐம்பத்தொன்று பெற்றும் அடங்கவில்லை. துறைத் தலைவர் சந்தேகப்பட்டபோது, எங்கள் அண்ணி கணக்குத் தப்பாது என்று நாத்தனார் சண்டைக்கே போனாள். நாளைய கூட்டத்தில் முதலில் காட்டப்போவது அந்த ஐம்பத்தொன்றைத்தான்.

அதைக் கேட்டதும் அண்ணி நோட்டை எடுத்து, அந்தத் தாயின் பழைய கோடுகளைப் புரட்டினாள். இருபத்தெட்டாவது மகளைப் பிரிக்கும்போது ஒரு தும்மல் வந்து, ஊசி நழுவி, இரண்டும் உருண்டுவிட்டன. மகளும் தாயளவு வளர்ந்திருந்தாள். ஒரு குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஓரங்கட்டினாள். சொன்னால் நாத்தனாரின் சாதனை போச்சு. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? மதியம் வரை மென்று முழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை, சொல்லிவிட்டாள்.

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. அந்தச் செல்லை எடுத்துச் சாயத்தில் போட்டாள். ஒவ்வொரு பிரசவமும் தாயின் உடம்பில் ஒரு வட்டத் தழும்பை விட்டுப்போகும். சாயத்தில் அது ஒளிரும். இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். இருபத்து மூன்று.

"அம்மாவத் தூக்கி ஓரமா போட்டுட்டு, அவ வயசையும் மக தலையில கட்டிட்டீங்களே அண்ணி."

அண்ணிக்கு அவமானமாக இருந்தது. ஐம்பத்தொன்றை அடித்துவிட்டு, இருபத்தெட்டில் தொலைந்தது என்று நாத்தனார் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, தான் எண்ணிய மற்ற எதையும் நாளைக்குக் காட்ட வேண்டாம் என்று மெல்லச் சொன்னாள்.

நாத்தனார் பேனாவை மூடினாள். "எதுக்கு? யாருக்குமே தெரியாத ஒரு தப்ப நீங்களா வந்து சொல்லியிருக்கீங்க. இது வரைக்கும் அண்ணின்னு நம்பினேன். இனிமே மத்த நாப்பத்தேழு கணக்கையும் கண்ண மூடிட்டு நம்புவேன்."