சத்யபாமா நடக்காத கரை

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்று ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் இருக்கிறது. பாலசந்தரும் சத்யபாமாவும் அங்கே ஏழு வருஷமாக வேலை பார்த்து வந்தார்கள். பர்மிய வழக்கப்படி அவள் அவனை ‘கோ’ என்றும், அவன் அவளை ‘மா’ என்றும் மரியாதை சேர்த்துக் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், ஜெர்மனியில் பஸ்ஸாவ் என்ற பழைய ஊரில் ஆற்றங்கரைக் கட்டடங்களைப் பற்றி ஒரு பயிற்சி நடந்தது. இருவருமே விண்ணப்பித்தார்கள். போய் வந்தவன் பாலசந்தர். அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி யார் கேட்டாலும் குளிரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

இந்த வருஷம் அலுவலகத்துக்குப் புது வேலை ஒன்று வந்தது. ஸ்ட்ராண்ட் ரோட்டை ஒட்டி, ஜனங்கள் ஆற்றைப் பார்த்தபடி நடக்க ஒரு பாதை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். பாதி தூரம் கோடவுன் சுவர்கள் ஆற்றைக் காட்டவே இல்லை. போட்டாதாங் படகுத்துறைக்கு வந்த பிறகுதான் தண்ணீர் கண்ணில் பட்டது.

“நம்ம பசுந்தாங் ஓடை, பாகோ ஆறு, ரங்கூன் ஆறு, மூணும் இங்கதான் சேருது. பஸ்ஸாவ்லயும் மூணு ஆறு சேருதுன்னு படிச்சேன்,” என்றாள் சத்யபாமா. “அங்க கரை எப்படி இருந்துச்சு கோ பாலா? நீங்க ஒண்ணுமே சொன்னதில்ல.”

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஊரின் கடைசி முனைவரை கரையோரமாகவே நடந்து போகலாம். ஒரு ஆறு பச்சை, ஒன்று பழுப்பு, சின்ன ஆறு ஏறக்குறையக் கறுப்பு. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகவே ஓடும். நகரமன்றச் சுவரில் எந்த வருஷம் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கோடு போட்டிருக்கிறார்கள். அவள் நின்ற இடத்திலேயே நோட்டைத் திறந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

“அது ஒங்களுக்குக் கெடச்ச இடம், மா சத்யா.”

அவள் நிமிர்ந்தாள்.

“ஒங்க பேரத்தான் எடுத்திருந்தாங்க. ஒங்க போன் கெடைக்கலன்னு ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. நான்தான் எடுத்தேன்.”

அப்போது அவள் அம்மா மீனம்மாள் நுரையீரல் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு நாளில் பதில் வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலமே பாலசந்தர் சோறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சத்யபாமாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

“நான் வரலன்னு சொல்லிட்டீங்களா?”

“ஆமா. அம்மாவுக்கு முடியலன்னு.”

“முடியலன்னு மட்டுமா?”

அவன் ஆற்றைப் பார்த்தான். “பொழைக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல. எனக்குக் குடுத்துட்டாங்க.”

மீனம்மாள் அடுத்த வாரமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளை என்று அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அவனுக்கு மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் கொடுத்தனுப்பி வந்தாள். ஒவ்வொரு புதனும் அவன் அதை முழுங்க முடியாமல் முழுங்கினான்.

“நீங்க போனதுக்கு நான் கோவப்பட்டு, அப்புறம் ஆறிடுவேன்,” என்றாள் சத்யபாமா மெதுவாக. “எங்கம்மாவ வச்சு...” நோட்டை மூடினாள். “வீட்டுக்கு வாங்க. நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.”

அவள் வீடு இருந்த தின்கன்ஜூனுக்குப் பஸ்ஸில் போனார்கள். மீனம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கிழவி பூண்டைக் கீழே வைத்தாள்.

“டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு தம்பி. அது பெரிசில்ல,” என்றாள். “ஆனா எனக்கு அன்னிக்குப் புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே இவள அனுப்பி வச்சிருப்பேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாளே பயிற்சிக்காரர்களுக்கு நடந்ததையெல்லாம் எழுதினான். அந்த இடத்தை இப்போதாவது அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றும், அவன் போய் வந்த ஆண்டோடு பயிற்சியை நிறுத்திவிட்டோம் என்றும் எழுதியிருந்தார்கள். அவன் அதை அச்செடுத்து அவள் மேசையில் வைத்தான்.

சத்யபாமா இரண்டு முறை படித்தாள். பிறகு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க. மொத நாள்லேருந்து என்ன கத்துக்குடுத்தாங்கன்னு சொல்லுங்க.”

நாலு நாள் சொன்னான். வெள்ளம் வந்தால் கீழ்த்தளத்து ஆட்கள் எங்கே போவார்கள், கரையில் கடை போட்டிருந்தவர்களை என்ன செய்தார்கள், படிக்கட்டில் வயசானவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதிக்கு மேல் அவனிடம் பதில் இல்லை. அங்கே பன்னிரண்டு நாள் நடந்தும், இதையெல்லாம் யாரிடமும் கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.