இரண்டு ஊரும் ஒரு 'நாங்க'வும்

லிஃப்ட் மெக்கானிக் என்றால் மேலே போகவேண்டும், இல்லையென்றால் கீழே போகவேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ஆனால் நம் ஆளுக்கு டிப்போவில் வைத்திருந்த பட்டப்பெயர் 'நடுமாடி'. இரண்டு தளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட்டைப் போல, எந்தக் கேள்வியானாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறவன் என்று அர்த்தம். டீயா காபியா என்று கேட்டால்கூட, "நீங்க எது குடிக்கிறீங்க?" என்று கேட்டவரையே திருப்பிக் கேட்பான்.

இப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் கம்பெனி கேட்டது. இந்த ஊர் டிப்போவை மூடுகிறோம், பெரிய ஊர்க் கிளைக்குப் போகிறாயா, சின்ன ஊர்க் கிளைக்குப் போகிறாயா, மாதக் கடைசிக்குள் சொல் என்று.

பெரிய ஊரில் கண்ணாடிக் கட்டடங்கள், காது அடைக்கிற வேகத்தில் ஏறும் லிஃப்ட்டுகள், கொஞ்சம் தூக்கலான சம்பளம். சின்ன ஊரில் ஒரு துறைமுகம், ஒரு மருத்துவமனை, கைக்கு அடங்கிய வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் முதன்முதலாகக் கண் காட்டப் போனவன், "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுடைய மத்தியான இடைவேளையையே தின்றுவிட்டான். தன்னை விட்டு நகர மனமில்லாமல்தான் இழுத்தடிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தத் தப்புக் கணக்கில்தான் குடும்பமே உருவானது.

அவர்களோடு சித்தி இருந்தாள். அவனுடைய அம்மாவின் கடைசித் தங்கை. மூத்த மகள் பெரியவள் பிறந்தபோது இரண்டு வாரம் கூடமாட இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு தோள்பையோடும் தையல் மெஷினோடும் வந்து இறங்கியவள். இரண்டு வாரத்துக்கு வருகிறவர்கள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குப் பின்னால் குண்டுப்பயல் ஒருவன் வந்து, தவழ்ந்து, கிடைத்த நூல்கண்டையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான். சித்தி மட்டும் அப்படியே இருக்கிறாள். பிள்ளைகளும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி சின்னப்பாட்டி என்று ஒருமுறை சொல்லிக் கொடுக்கப் போய், "பாட்டின்னு எவ சொல்லிக் கொடுத்தா? பல்லு இருக்காது" என்று சித்தியிடம் மனைவி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தெருமுனைச் சலவைக்கடையிலிருந்து ஜிப் போன கால்சட்டைகளும் நீளம் குறைக்க வேண்டிய பாவாடைகளும் சித்தியிடம் வரும். மெஷின் ஓடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த வீடு அவள் கையில் ஓடும். யாரோ எங்கோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று அவன் விடியுமுன் ஓடுவான். கடை அடைத்த பிறகுதான் மனைவி வருவாள். இடையில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், குளித்தார்கள், காய்ச்சலில் படுத்தார்கள், எழுந்தார்கள். அதெல்லாம் யாரால் நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்று தெரிவதைப் போல. தரையைப் பார்த்து யாராவது நன்றி சொல்வார்களா?

கம்பெனி சொன்ன அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். "சித்தி, டிப்போவை மூடுறாங்களாம். நாங்க ஊர் மாறணும்."

வாயில் குண்டூசியோடு இருந்த சித்தி நிமிர்ந்து பார்த்தாள்.

பாவம், அன்று காலையிலிருந்து அவன் மேனேஜரிடம், "நாங்க வீட்ல பேசிட்டுச் சொல்றோம் சார், நாங்க யோசிக்கணும் சார்" என்றே பேசிக்கொண்டிருந்தான். அந்த 'நாங்க' வாயில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. 'நாம' என்று சொல்லியிருந்தால் கேட்கிறவருக்கும் கதவு திறந்திருக்கும். 'நாங்க' என்றதும் சாத்திக்கொண்டது. உள்ளே நான்கு பேர், வெளியே சித்தி.

"அப்படியா?" என்றாள் சித்தி, குண்டூசியை எடுத்துவிட்டு. "நல்லது. எங்க போறதா இருக்கீங்க?"

அந்த 'இருக்கீங்க'வையாவது அவன் கவனித்திருக்கலாம். மெக்கானிக்குக்கு மோட்டாரில் சின்னச் சத்தம் மாறினாலும் தெரியும். மனிதக் குரல் அவனுடைய பயிற்சியில் இல்லை.

போதாததற்கு அடுத்த சனிக்கிழமை பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "நாங்க புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போய் ரெண்டு ஊரையும் பாத்துட்டு வந்துடுறோம். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சித்தி" என்றான். சித்தி வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுத்தாள். பெரியவளுக்குத் தலை பின்னிவிட்டாள். வாசலில் நின்று கையாட்டினாள்.

பெரிய ஊரில் அவர்கள் பார்த்த வீடு பதினாலாவது மாடியில் இருந்தது. வீட்டுத் தரகர் ஜன்னலைத் திறந்து, "காத்தப் பாருங்க சார், காத்து!" என்றார். அவன் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடி, "ஆமா, நல்ல காத்து" என்றான். சின்ன ஊரில் வீடு தரையோடு இருந்தது. அறைகள் பெரிசு, சுவரில் ஈரம். குண்டுப்பயல் அங்கே சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திருப்தி தெரிவித்தான்.

"சொல்லுங்க, இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று திரும்பும் ரயிலில் மனைவி கேட்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி..."

"அடிச்சேன்னா பாருங்க."

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் சலவைக்கடைக்காரர் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டி அளவுக்கே சூடான மனிதர்.

"தம்பி, சித்தி கட்டில் ஏதும் கொண்டு வருவாங்களா, இல்ல நானே போட்டுடவா?"

"எந்தக் கட்டில்ணே?"

"கடைக்கு மேல இருக்கே ரூமு, அதுக்குத்தான். நீங்க கிளம்புனதும் அவங்க இங்க வந்துடுறாங்கல்ல? போன வாரமே பேசியாச்சே. மெஷின் போட ஜன்னலோரம் காலி பண்ணிட்டேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றும் சொல்ல முடியாமல் தெரியாது என்றும் சொல்ல முடியாமல் அவன் நின்றான். பட்டப்பெயருக்கு இதைவிடப் பொருத்தமாக அவன் என்றைக்குமே நின்றதில்லை. டிப்போவுக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொன்னான். நேராக மனைவியின் கண்ணாடிக் கடைக்குப் போய், கண் காட்ட வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சித்தி நம்மகூட வரலையாம்."

மனைவி கையில் வில்லையோடு நின்றுவிட்டாள். "யாரு சொன்னா? என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லலையே. நாங்க ஊர் மாறணும்னேன். நாங்க போய்ப் பாத்துட்டு வர்றோம்னேன். அவ்வளவுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். கண் பரிசோதகர் பார்க்கிற பார்வை அல்ல.

"நாங்கன்னா சொன்னீங்க?"

அந்தச் சொல் அப்போதுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

"ஐயையோ" என்றான்.

"எனக்கும் இதுல பங்கு இருக்கு" என்றாள் அவள், ஸ்டூலில் உட்கார்ந்து. "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நான் இருந்துட்டேன். நான் கேட்டிருப்பேன்னு நீங்க இருந்துட்டீங்க. ஊரைப் பத்தி இத்தனை நாள் பேசினோமே, அவங்கள ஒரு வார்த்தை கேட்டோமா? போங்க. மொதல்ல போய்க் கூப்பிடுங்க. ஜோக் அடிக்காமக் கூப்பிடுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

வீட்டில் சித்தி மெஷினில் இருந்தாள். குண்டுப்பயல் அவள் காலடியில், துணிக் குவியலுக்கு மேல், ராஜா மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். வந்தவன் சித்திக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"என்னடா, வேலையில்லையா? இப்பவே தொரத்திட்டாங்களா?"

"சித்தி, சலவைக்கடைக்காரரை வாடகைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடலாமா?"

மெஷின் நின்றது. "சொல்லிட்டாரா? வாயில ஒரு ஜிப் தைக்கணும் அந்த மனுஷனுக்கு."

"ஏன் சித்தி?"

"ஏன்னா?" அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ரெண்டு வாரத்துக்குன்னு வந்தவ நான். நீங்க ஊர் மாறுறீங்க, புது வீடு, புது வேலை. மூட்டை முடிச்சோட இவளும் ஒட்டிக்கிட்டு வந்தான்னு இருக்கக் கூடாது பாரு. நீயும் நாங்க நாங்கன்னுதான் சொன்ன. தெளிவாத்தான் சொன்ன. எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லடா. ஒரு ராத்திரி மட்டும் தூக்கம் வரல, அவ்வளவுதான்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சு தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"அது ஆபீஸ்ல பேசிப் பேசி வந்த நாங்க, சித்தி. சத்தியமா உங்கள வெளிய நிறுத்தணும்னு சொல்லல. நீங்க வர மாட்டீங்கன்னு எனக்கு நினைக்கவே தெரியல. கை வருமா கால் வருமான்னு யாராவது கேப்பாங்களா? கேட்டிருக்கணும். தப்புத்தான்." மேற்கொண்டு எப்படிப் போவது என்று தெரியாமல், வாழ்நாளில் வீட்டுக்குள் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்லைச் சொன்னான். "இத்தனை வருஷத்துக்கும்... நன்றி சித்தி."

சித்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். குண்டுப்பயல் விழித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"நன்றியா! என்னடா, மேடையில பேசுற? மாலை எங்க? சோடா எங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த தண்ணீர் என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். "நன்றி, வணக்கம்னு முடிச்சுடாத. உக்காரு. வர்றதா இருந்தா எந்த ஊருன்னு நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"சொல்லுங்க. நீங்க சொல்ற ஊருக்குத்தான்."

"அப்படிச் சொல்லித் தப்பிக்காத. என்மேல பாரத்தை எறக்கிட்டு நாளைக்கு எல்லாத்துக்கும் சித்தி சித்தின்னுவ. நான் என் ஓட்டைச் சொல்றேன், அவ ஓட்டை அவ சொல்லட்டும், நீயும் ஒண்ணு போடு."

"சரி. உங்க ஓட்டு?"

அவன் பதிலை முன்னமே எழுதி வைத்திருந்தான். தரையோடு வீடு, அமைதி, சின்ன ஊர். சித்திக்கு வேறு என்ன பிடிக்கும்?

"பெரிய ஊர்" என்றாள் சித்தி.

"பெரிய ஊரா?"

"பின்ன? ஆயுசு பூரா எதிர்வீட்டுச் சுவத்தையே பாத்துக்கிட்டு மெஷின் மிதிச்சாச்சு. பதினாலாவது மாடின்னு ரயில்ல இருந்து போன் பண்ணி உன் பொண்ணு சொன்னா. ஜன்னல்ல மேகம் தெரிஞ்சுதாம். நானும் கொஞ்சம் மேகத்தைப் பாத்துக்கிட்டு ஜிப் தைக்கிறேனே. அங்க ஆபீஸ் போறவங்க கூட்டம், எல்லாரும் கால்சட்டையை நீளமா வாங்கிட்டு அல்லாடுவாங்க. எனக்கு வேலை கொட்டும். உனக்கு மட்டும் எதுக்குச் சின்ன ஊரு? மருத்துவமனை லிஃப்ட் ரெண்டு மாடி ஏறுறதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?"

"சின்ன ஊர்னு நான் சொல்லவே இல்லையே சித்தி."

"சொல்லவா வேணும்? ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியாமே. அதையும் உன் பொண்ணுதான் சொன்னா. லிஃப்ட் குழிக்குள்ள தொங்குற, ஜன்னல்னா தொடை நடுங்குது!"

"குழிக்குள்ள இருட்டு. கீழ தெரியாது. தெரியலேன்னா பயமில்ல."

"ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன். நீ இந்தப் பக்கமா இருந்துக்க. அதுக்குத்தானே குடும்பம்."

மாலை மனைவி வந்ததும் விஷயத்தைக் கேட்டு, பையைக்கூட இறக்காமல், "எனக்கும் பெரிய ஊர்தான். நான் என்னைக்கோ முடிவு பண்ணிட்டேன், இவருக்காகத்தான் ரெண்டு வில்லையையும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு நன்றி என்கிற சொல்லெல்லாம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சலவைக்கடைக்கு அவனே போனான். சித்திதான் அனுப்பினாள். "வாயக் கொடுத்து மாட்டினவன் நீ. வாங்கிக்க வேண்டியதை நீயே போய் வாங்கிக்க."

சலவைக்கடைக்காரர் முழுதாகக் கேட்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு ஆரம்பித்தார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா, ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரியாதா, ஜன்னலோரம் காலி பண்ண அவர் முதுகு விட்டுப்போனது யாருக்குத் தெரியும், இந்தத் தெருவில் இனி யார் ஒரு ஜிப்பை ஒழுங்காக வைப்பார்கள், அந்த அம்மா கை மாதிரி ஒரு கை கிடைக்குமா, தங்கமான மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கண்ணை எங்கே வைத்திருந்தாய்...

கடையில் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். டிப்போவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நடுமாடி நகரவில்லை.

"என்னய்யா சிரிக்கிற? திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"இல்லண்ணே, சரியாச் சொல்றீங்க" என்றான் அவன், பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "சித்தியைப் பத்திச் சொன்னீங்களே, அத இன்னொரு தடவை சொல்லுங்க."