ரம் தொட்டி எந்தப் பக்கம்?

முந்தின நாள் மினோர்க்கா தீவுக்கு அருகே பிரெஞ்சுக்காரன் சுட்ட குண்டு, எங்கள் போர்க்கப்பல் ‘ஹெர்மியா’வின் வலது விலாவில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஓட்டை போட்டுவிட்டது. மாலைக் காற்றில் மற்றக் கப்பல்கள் ஊருக்குக் கிளம்புகின்றன. ஓட்டையோடு எங்களைக் கூட்டிப்போக மாட்டார்கள். எனக்கொன்றும் அவசரமில்லை. கப்பல் தச்சர் ட்ரென்வித்துக்குத்தான் உயிர்போகிற அவசரம். மாதக் கடைசியில் பிளிமத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

ஓட்டை வெளியே தெரிய வேண்டுமானால் கப்பலைச் சாய்க்க வேண்டும். பீரங்கிகளை இடப்பக்கம் தள்ளினோம். போதவில்லை. நாங்கள் முந்நூறு பேரும் அதே பக்கம் போய் நெருக்கியடித்து நின்றோம். கப்பல் முனகிக்கொண்டே சாய, வலப்பக்க வயிறு மேலே வந்தது. ட்ரென்வித் கயிற்று ஊஞ்சலில் இறங்கி, முந்தின நாள் அவசரத்துக்குச் செருகியிருந்த அடைப்பைப் பிடுங்கிப் போட்டார்.

லெப்டினன்ட் ஃபாக்ஸ்லி மகா கெட்டிக்காரர். ரம் தொட்டி கடலுக்குள் சரிந்துவிடக் கூடாதே என்று, அதை மேடான வலப்பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். மதியம் வழக்கம்போல அன்றாட ரம் பங்குக்கு விசில் அடித்தார்கள்.

விசில் கேட்டால் எங்கள் கால்கள் எங்களைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. முந்நூறு பேரும் வலப்பக்கம் பாய்ந்தோம். கப்பல் நிமிர்ந்தது. ட்ரென்வித் தொப்பென்று முழுகினார். ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்தது.

“பாவிங்களா! திரும்பிப் போங்கடா!” என்று தண்ணீரிலிருந்து அலறினார்.

“போறோம்ணே, ஒரே ஒரு மடக்கு...”

கேப்டன் வாளை உருவிய பிறகுதான் போனோம். ஊஞ்சலில் சொட்டச் சொட்ட எட்டிப்பார்த்த ட்ரென்வித் கேப்டனிடம் கெஞ்சினார்.

“ஐயா, தொட்டிய இடப்பக்கம் கட்டச் சொல்லுங்க. அத விட்டு இவனுங்க நகரவே மாட்டானுங்க.”

“சரிவுல சிந்திடுமே!” என்று பதறினார் ஃபாக்ஸ்லி.

“சிந்தினா நக்கிக்குவானுங்க” என்றார் கேப்டன்.

ரம் ஊற்றுகிற குட்வினையும் ட்ரென்வித் கும்பிட்டார். “துளித்துளியா ஊத்துப்பா. ரம் தீர்றதுக்குள்ள நான் ஓட்டை மேல தகட்ட அடிச்சாகணும்.”

குட்வின் ஒவ்வொருவனிடமும் நலம் விசாரித்து ஊற்றினான்.

“யோவ், பொண்டாட்டி எப்படி இருக்கா?”

“எனக்குக் கல்யாணமே ஆகல. ஊத்துடா!”

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் ஓயவில்லை.

“எவ்வளவுடா இருக்கு?” என்று ட்ரென்வித் கத்தினார்.

“பாதிண்ணே!”

“இங்கயும் பாதிதான்!”

கொஞ்ச நேரத்தில் நான் கத்தினேன்: “அண்ணே, தொட்டியோட அடி தெரியுது!”

“ரெண்டே ஆணிடா! பேசிக்கிட்டு இரு குட்வின்!”

குட்வினுக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. ரம்மும் தீர்ந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க எவனுக்கும் ஒரு காரணமும் இல்லை. கூட்டம் கலைந்தது, கப்பல் நிமிர்ந்தது, சுத்தியல் சத்தம் நின்றது.

நான் ஓடிப்போய் எட்டிப்பார்த்தால் தொப்பி மட்டும் மிதக்கிறது. பிறகு தலை வந்தது. உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அது கேட்டது.

“உள்ள தண்ணி வருதாடா?”

கீழ்த்தளத்தை நோக்கிக் கத்தினேன். பதில் வந்தது. “சொட்டுக்கூட வரலண்ணே!”

கழுத்தளவுக் கடலில் தத்தளித்துக்கொண்டே ட்ரென்வித் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“எம் பொண்ணுக்குக் கல்யாணம்டா!”