அருகில் நிற்பவரின் உயரம்

"நிமிர்ந்து நில்லு."

"நிமிர்ந்துதாங்க நிக்கிறேன்."

"செருப்பு?"

மனைவி செருப்பைக் கழற்றி, படத்தில் விழாத தொலைவுக்குக் காலால் தள்ளினாள். பழைய படத்தில் அவள் வெறுங்காலுடன் நின்றிருந்தாள். ஆகவே இதிலும் அவ்வாறே நிற்க வேண்டும். தொல்லியல் துறையின் வரைவாளராகிய அவர், ஒப்பீடு என்ற சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துபவர் அல்லர். காமிராவின் முக்காலி பழைய இடத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது. மாதமும் அதே மாதம்.

சரிவான பொட்டல் நிலத்தில் நெடுங்கற்கள் ஆங்காங்கே நின்றன. எழுத்துக்கு முந்திய காலத்தில் யாரோ நட்டவை. இறந்தவர்களுக்காக நட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கருத்து. நட்டவர்களின் கருத்து கிடைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், முதல் கணக்கெடுப்பின் முதல் நாளிலேயே, துறையின் அளவுகோல்மீது ஜீப் ஏறிவிட்டது. கல்லின் உயரத்தைப் படத்தில் உணர்த்த ஏதேனும் ஒன்று அருகில் இருந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் ஊர் பார்க்க உடன் வந்திருந்தவளை அவர் அங்கே நிறுத்தினார். அச்சான நூலில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே வரி: அருகில் நிற்பவரின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அலுவலகத்தில் அவளுக்கு 'அளவுகோல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது இரண்டாம் பதிப்பு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய புதுக் கோல் ஒன்றை மேலதிகாரி கொடுத்தனுப்பியிருந்தார். நடுவில் அளவையை மாற்றுவது முறையன்று என்பதால், அது ஜீப்பின் பின்னிருக்கையில் படுத்திருந்தது.

"அளவுகோல் அக்காவே வந்திருக்கும்போது அந்தக் குச்சி எதுக்கு சார்?" என்றார் டிரைவர்.

கிளம்பும்போது டிரைவர் ஜீப்பின் படியடியில் தட்டையான கல் ஒன்றைப் போட்டார். அவள் அதில் கால் வைத்து ஏறினாள். அவர் கல்லை எடுத்து மறுபடி வண்டிக்குள் வைத்துக்கொண்டார். வரைவாளர் முக்காலியை மடிப்பதில் கவனமாக இருந்தார்.

பிசகு அலுவலக மேசையில்தான் தெரிந்தது. முதற்கல்லின் குறுக்கே வெள்ளைக் கீற்று ஒன்று ஓடுகிறது. பழைய படத்தில் அது அவள் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய படத்தில் உச்சந்தலைக்கும் கீற்றுக்கும் நடுவே வெறும் கல் தெரிந்தது. அடுத்த கல்லில் இருந்த வெடிப்பும் அதே அளவு மேலே போயிருந்தது. அதற்கடுத்த கல்லிலும் அப்படியே. காரணம் காண அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. மழைநீர் அடிமண்ணை அரித்திருக்கிறது. கல் நின்ற இடத்தில் நிற்க, அருகில் நிற்பவரின் தரை தாழ்ந்துவிட்டது. இப்படியே போனால் கற்கள் சாய்ந்துவிடும். அன்று மாலைக்குள் அறிக்கை போயிற்று.

மேலதிகாரி தொலைபேசியில் பதறினார். "அடியில சுத்தி கான்கிரீட் போட்டுடலாமா?"

அந்தச் சொல் வரைவாளரைச் சாப்பிட விடவில்லை. அரிப்பு எவ்வளவு என்று திட்டமாகச் சொன்னால் ஒருவேளை அதைத் தடுக்கலாம். அடுக்களையில் நின்றபடி அதைத்தான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேல்தட்டு காலியாக இருந்ததும், டப்பாக்களெல்லாம் கீழே வந்துவிட்டிருந்ததும் அப்போது கண்ணில் பட்டன.

"மேல பூச்சி வந்திருக்கா?"

"இல்ல," என்றாள் அவள். "மறுபடி நானும் வரணுமா? முதுகு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"ஒரு மணி நேர வேலைதான்."

மறுநாள் வரைவாளர் முதற்கல்லின் அடியில் மண்டியிட்டு, முதல் கணக்கெடுப்பில் தாமே செதுக்கிய குறியைத் தேடினார். பழைய பதிவின்படி அது தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம். இப்போதும் நான்கு விரற்கடை. அளவு நாடாவைத் தரையிலிருந்து வெள்ளைக் கீற்றுவரை இழுத்தார். ஐந்தடி மூன்று அங்குலம். சுருட்டிவிட்டு மீண்டும் இழுத்தார். அடுத்த கல்லுக்குப் போனார். அங்கும் எதுவும் மாறியிருக்கவில்லை.

நாடாவைச் சுருட்டாமல் நின்றார். மண் தாழவில்லை. கல் வளரவில்லை. ஒப்பீட்டில் எஞ்சியது ஒன்றுதான். அது, சாய்ந்து கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கையைப் பின்னால் கொடுத்து முதுகை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னவாம் உங்க கல்லுக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் அவள் தலையையே பார்த்தார். அவள் புரிந்துகொண்டாள்.

"பஸ்ல மேல்கம்பி எட்டலைன்னு சொன்னேன்ல?"

"கம்பியை உசத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு குத்துக்கல்லு இங்க நின்னுச்சு," என்றாள் அவள், புகார் சொல்லும் குரலில் அல்ல. "நீங்க ஒண்ணைத்தான் அளந்துக்கிட்டிருந்தீங்க."

"எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்காருன்னு போன மாசமே அக்காகிட்ட சொன்னேன் சார்," என்றார் டிரைவர், ஜீப்பைப் பார்த்தபடி. "உங்க படமெல்லாம் முடியட்டும்னுட்டாங்க."

"இன்னிக்கு இருப்பாரா?"

"சாயங்காலம் இருப்பார்."

அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குக் காரணம் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை வரைவாளர் மனத்துக்குள் அமைத்துப் பார்த்தார். எழுவாய் வந்தது, பயனிலை வரவில்லை.

"அந்தக் கோலை எடுத்துட்டு வரட்டுமா சார்?"

"வேண்டாம். அங்கயே கிடக்கட்டும்."

அவள் கையூன்றி எழுந்து வந்து, முதற்கல்லின் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகைக் கல்லோடு ஒட்டி நின்றாள்.

"நிமிர்ந்துதான் நிக்கிறேன்," என்றாள், யாரும் எதுவும் சொல்லாதபோதே. பிறகு, "புத்தகத்துல இப்ப எவ்வளவுன்னு போடுவீங்க?"

அவர் நாடாவை நீட்டவில்லை. கைவிரல்களைச் சேர்த்து, அவள் உச்சந்தலைக்கும் வெள்ளைக் கீற்றுக்கும் நடுவே வைத்தார். மூன்று விரல்கள் நெருக்கமில்லாமல் நுழைந்தன. கல் சுட்டது. உள்ளங்கையின் நிழல் அவள் நெற்றியில் விழுந்தது.

"கையை எடுக்காதீங்க," என்று அவள் கண்களை மூடிக்கொண்டாள். "வெயில் தெரியல."