கிளாரியின் கல்லறைப் புல்

மெரிகல் ஊர்க் கல்லறைத் தோட்டத்துப் புல்லைப் பத்தொன்பது வருஷமாக வெட்டிவந்தவள் பெரில் டக்வெல். யாரும் கூலி தரவில்லை, அவளும் கேட்கவில்லை. புருஷன் கிளாரி அங்கேதான் கிடக்கிறான். ஆட்டு ரோமம் கத்தரித்தே ஆயுளைக் கழித்த மனுஷன். எதுவாவது சடைபிடித்து நின்றால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

போன டிசம்பரில், அந்த ஊரில் அது கோடைக்காலம், வந்தது வினை. தோட்டத்தில் ஒரு அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. புல் வேரைத் தின்றுகொண்டு மண்ணுக்குள் புழுவாகவே வருஷக்கணக்கில் கிடக்கும். பிறகு உச்சிவெயிலில் வெளியே வந்து நாலு நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகும். பறக்கிற காலத்தில் அதற்கு வாயே கிடையாது. கல்லறைக் குழுத் தலைவர் லெஸ்டருக்கு அந்தக் குறை இல்லை.

“அரிய பூச்சி, பெரில். இனிமே ஒரு புல்லைத் தொடக்கூடாது,” என்று புல்வெட்டும் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார்.

“பத்தொம்பது வருஷம் நான் வெட்டுனப்ப அது எங்க இருந்துச்சாம்?”

“உனக்குப் பயந்து ஒளிஞ்சிருந்துச்சு.”

அடுத்த வசந்தத்தில் மழை கொட்டியது. புல் இடுப்பளவு. கத்தோலிக்க மாமியாருக்குப் பூ வைக்கப்போன பக்கத்து வீட்டு ஹில்டா, தடம் மாறி ஒரு மெதடிஸ்ட் கிழவருக்கு வைத்துவிட்டு வந்தாள். லெஸ்டரோ வாசலில் நிறுத்தக் கன்றுக்குட்டி அளவில் ஒரு தகரப்பூச்சி செய்யச் சொல்லியிருந்தார்.

கிளாரியின் பெயரைப் புல் மூடியதைத்தான் பெரிலால் தாங்க முடியவில்லை. லெஸ்டர் கிளப்பில் பந்துருட்டி விளையாடப் போகும் செவ்வாய்க்கிழமைகளில், கிளாரியின் ஆட்டுக் கத்தரியோடு போய் மண்டிபோட்டு அவனைச் சுற்றி மட்டும் ஒட்ட நறுக்கினாள். மாட்டினால் சாவி இந்த ஜென்மத்தில் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த டிசம்பரில் பூச்சி எண்ண, அரசாங்கச் சுற்றுச்சூழல் துறையிலிருந்து கிர்ஸ்டன் என்ற பெண் வந்தாள். நல்ல வெயில், காற்றே இல்லை. ஒரு மணி நேரம் புல்லுக்குள் நீந்தினாள். ஒரு பூச்சிகூட இல்லை. பின்னாலேயே போன லெஸ்டரின் கண்ணில் பட்டது, மொட்டையடித்த அந்தத் துண்டு.

“யார் செஞ்ச வேலை இது?”

எண்ணுவதைப் பார்க்கப் பெரிலும் வந்திருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. “நான்தான். என் புருஷன், என் கத்தரி.”

“பாத்தியாம்மா? பூச்சியெல்லாத்தையும் கொன்னது இவதான்!”

“கொஞ்சம் அசையாம நில்லுங்க சார்,” என்றாள் கிர்ஸ்டன்.

கிளாரியின் கால்மாட்டில், முழங்கால் உயரத்தில் ஏழெட்டுப் பூச்சிகள் வட்டமடித்தன. எல்லாம் ஆண்.

“பொண்ணுங்க அவ்வளவா பறக்காதுங்க. தரையில உக்காந்து செறகைக் காட்டும். புல்லு ஒசந்துட்டா ஆம்பளைக்கு அது கண்ணுலயே படாது. இதுக்குக் குட்டைப் புல்லுதான் வேணும். இத்தனை வருஷமா வெட்டிக் காப்பாத்துனது யாரு?”

லெஸ்டர் தொண்டையைச் செருமினார். “எங்க குழுதான்...”

கிர்ஸ்டன் பெரிலின் கையிலிருந்த காய்ப்பைப் பார்த்தாள். “பூச்சி பறந்து முடியட்டும், ஆன்ட்டி. பிப்ரவரியில ஆரம்பிங்க. சாவியைக் குடுங்க சார்.”

லெஸ்டர் கொடுத்தார். கொடுக்கும்போது தன் பூட்ஸைத்தான் பார்த்தார்.

அவர்கள் போனபிறகு பெரில் கல்லின் ஓரமாக உட்கார்ந்தாள். கிளாரியின் மார்புக்கு நேரே மண்ணில் நாலு பெண்பூச்சிகள் ஆரஞ்சுச் சிறகை விரித்து மினுக்கிக்கொண்டிருந்தன.

“உயிரோட இருந்தப்ப ஒருத்தியும் உன்னைத் திரும்பிப் பாக்கலையே, கிளாரி,” என்றாள். “நான் ஒருத்திதானே பாத்தேன்.”

சிரிக்கத்தான் சொன்னாள். அழுகை வந்துவிட்டது. நாலும் அசையவில்லை, அவளும் விரட்டவில்லை.